மூன்றாவது சீட்டு

கணவனின் பெயர் எழுதிய சீட்டை வாயில் போட்டு மென்றாள் தையல்காரி. குப்பைக்கூடை காலடியிலேயே இருந்தது. ஆனால் கிழித்துப் போட்ட காகிதத்தை யாராவது பொறுக்கி ஒட்டவைத்தால்? வயிற்றுக்குள் போனதை எவனும் ஒட்டவைக்க முடியாது. காலையிலிருந்து உபவாசம், அதைக் கடைசியில் ஒரு துண்டுக் காகிதம் முறித்துவிட்டது. மை கசந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஜெபக்கூடம். கீழே கார் ஷெட், மேல்மாடியில் இவர்கள். முப்பது பேர் முழங்காலிட்டு வாய்விட்டு ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை குரலையும் அமுக்கிக்கொண்டு வேன் டிரைவரின் குரல் வந்தது. சபையில் அவருக்குப் பெயரே ஹாரன். அவர் ஜெபித்தால் பரலோகமே ஓரங்கட்டி வழிவிடும் என்று போதகரே கேலி செய்வார். இன்றைக்கு அந்தச் சத்தம்தான் அவளுக்குக் காவல்.

ஆற்றுக்கு அப்பால் காலரா முகாம். ஒத்தாசைக்கு ஓர் ஆள் அனுப்பும்படி சபையைக் கேட்டிருந்தார்கள். போன தடவை போனவர் பெட்டியில்தான் திரும்பி வந்தார். அப்படியும் மூன்று பேர் கை தூக்கினார்கள்: ஹாரன், மருந்துக்கடைக்காரர், அவள் கணவனான வெல்டர். கல்யாணமாகி ஏழே மாதம். ஒரு வார்த்தை அவளைக் கேட்கவில்லை. சண்டை பிடித்தபோது, கேட்டால் விட்டிருப்பாயா என்று சிரித்தான்.

யூதாஸ் விட்டுப்போன இடத்துக்கு அப்போஸ்தலர்கள் ஆள் தேடிய முறைதான் இந்தச் சபைக்கும் முறை. கூடி உபவாசம், கூடி ஜெபம், அப்புறம் சீட்டு. எடுக்காத சீட்டுகளைப் பிரித்துப் பார்க்காமலே அடுப்பில் போட்டுவிடுவார்கள். ‘அடுத்ததை எடுத்திருந்தால்’ என்று பிற்பாடு எவரும் முணுமுணுக்கக் கூடாதாம். எழுதுவது எப்போதும் அவள்தான். முத்து முத்தான கையெழுத்து.

அதே நோட்டிலிருந்து இன்னொரு துண்டு கிழித்தாள். யார் பெயர்? ஹாரனுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். மருந்துக்கடைக்காரர் இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்துவிட்டார். கடையை மைத்துனர் பார்த்துக்கொள்வார். மருந்துக்கடைக்காரரின் பெயரை இரண்டாவது முறையாக எழுதினாள். நான்காக மடித்து, மற்ற இரண்டும் கிடந்த டப்பாவில் போட்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் சட்டென்று சத்தம் நின்றது. ஹாரன்கூட வாயை மூடிவிட்டார்.

அவள் நோட்டை மூடினாள். யாராவது பார்த்துவிட்டார்களா? போதகரின் குரல் மட்டும் தணிந்து கேட்டது, வார்த்தை புரியவில்லை. சுவரில் காதை வைக்கப் போனாள். கதவு திறந்தது. கணவன்.

"இவ்வளவு நேரம் என்ன பண்ற?"

"டம்ளர் தேடினேன். எல்லாருக்கும் தண்ணி வேணும்ல."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். "உதட்டுல என்ன, மை?"

"எழுதும்போது பேனாவக் கடிச்சிட்டேன்."

புறங்கையால் துடைத்துக்கொண்டாள். அவன் போகாமல் நின்றான். "இங்க பாரு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"எதுவா இருந்தாலும் அப்புறம் சொல்லுங்க." இன்னும் ஒரு நிமிஷம் அவன் அப்படிப் பார்த்தால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவோம் என்று அவளுக்குப் பயம். டப்பாவை அவன் கையில் திணித்துவிட்டுத் தண்ணீர்த் தட்டோடு முன்னால் நடந்தாள்.

கூடத்தில் எல்லாரும் தலை குனிந்திருந்தார்கள். எல்லாருடைய இருதயத்தையும் அறிந்த ஆண்டவரே, உமது சித்தத்தைக் காட்டும் என்று போதகர் ஜெபித்தார். முப்பது பேரும் ஆமென் சொன்னார்கள். அவளுக்கு மட்டும் நாக்கு புரளவில்லை. எல்லாருடைய இருதயத்தையும் என்றால் அவளுடையதையும்தானே?

போதகரின் மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டு டப்பாவுக்குள் கைவிட்டாள். துழாவினாள். ஒன்றை எடுத்தாள், நழுவவிட்டாள், வேறொன்றை எடுத்தாள். அது ஹாரனின் சீட்டாக இருந்தாலும் சரி என்று நினைத்த தன் மனசைக் கண்டு தையல்காரிக்கே அருவருப்பாக இருந்தது.

போதகர் பிரித்து வாசித்தார். மருந்துக்கடைக்காரரின் பெயர்.

மருந்துக்கடைக்காரர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவர் மனைவி அப்படியே தரையில் சரிந்து, தோள் குலுங்க அழுதாள். மற்ற இரண்டு சீட்டுகளும் அடுப்புக்குப் போய்ச் சாம்பலாயின. இனி எந்தச் சாட்சியும் இல்லை. வெல்டர் கூட்டத்துக்கு நடுவிலிருந்து மனைவியைத் தேடிப் பார்த்து, கோணலாக ஒரு சிரிப்புச் சிரித்தான். தப்பித்த நிம்மதி என்று எடுத்துக்கொண்டாள்.

அவளுக்குத்தான் நிம்மதி வரவில்லை.  அழுகிறவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிடலாமா? 

"அழாதீங்கக்கா. அண்ணனுக்கு ஒண்ணும் ஆகாது. பத்திரமா திரும்பி வருவாரு."

மருந்துக்கடைக்காரரின் மனைவி நிமிர்ந்தாள். கன்னத்தில் ஈரம் இருந்தது, துக்கம் இல்லை. ஒரு நிமிஷம் விழித்தாள். பிறகு தையல்காரியின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, உனக்கு யாரும் சொல்லலையா? நீ உள்ள இருந்தப்பதான் முகாம்லேர்ந்து போன் வந்துச்சும்மா. ஒருத்தர் பத்தாதாம், ரெண்டு பேர் வேணுமாம். போதகர் ஐயா அப்பவே முறைய மாத்திட்டாரு. சீட்டுல யார் பேர் வருதோ, அவங்க மட்டும் போக வேண்டாம்னு."