விபத்தில்லாத ஐந்நூறு நாட்கள்

பினாங்குத் தீவின் படகுத்துறையில் முதல் ஃபெரிக்காக மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டி நின்றன. லோகேஸ்வரன் இன்ஜினை அணைத்துவிட்டுக் கைப்பேசியைத் திறந்தான். தொழிற்சாலை வாட்சாப் குழுவில் சண்டை சூடு பிடித்திருந்தது. அலுவலகத்து ஷாஹிரா மூன்று ஹோட்டல்களின் படங்களைப் போட்டு, எது வேண்டும் என்று தகடு அழுத்தும் அச்சுப் பிரிவின் நாற்பத்திரண்டு பேரையும் ஓட்டுப் போடச் சொல்லியிருந்தாள்.

பக்கத்து மோட்டாரிலிருந்து குகன் எட்டிப் பார்த்தான். "அண்ணே, இந்த ஜார்ஜ்டவுன் மாளிகைக்கு யாருண்ணே ஓட்டுப் போட்டது? அதுக்குப் பின்னாலதான் நான் நாசி கண்டார் திங்கிறேன். அங்கயே போயி படுக்கணுமா?"

"நூத்தம்பது வருசத்து வீடாம் லா."

"நம்ம பிளாட்டும் பழசுதான்ணே. லிப்டு ஓடாது. அதுக்கும் வாடக கூட கேப்பாங்க போல."

இரண்டாவது, தைப்பிங் பக்கம் ஒரு பழைய ஓய்வு விடுதி. மூன்றாவது, பாலிக் பூலாவ் மலையடிவாரத்தில் ஜாதிக்காய்த் தோட்டத்துக்கு நடுவே ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டிய பங்களா. கொசுவலை தொங்கும் பெரிய கட்டில், காலுள்ள வெள்ளைக் குளியல் தொட்டி, வராந்தாவில் இரண்டு சாய்வு நாற்காலிகள். இருவரும் அதற்குத்தான் ஓட்டுப் போட்டார்கள். குகனுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். மனைவியை இதுவரை எந்த ஹோட்டலுக்கும் கூட்டிப் போனதில்லை.

அக்கரையில், புக்கிட் தெங்காவில் இருந்த அந்த உலோகத் தொழிற்சாலையின் வாசலில் ஒரு பச்சைப் பலகை உண்டு. விபத்தில்லாத நாட்கள் என்று எழுதி, கீழே எண். அன்று 486. ஐந்நூறைத் தொட்டால் பிரிவில் உள்ளவர்களுக்கு ஜோடியாக இரண்டு நாள் ஹோட்டல் வாசம். யாராவது அடிபட்டு ஒரே ஒரு நாள் எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, எடுத்தாலும் எண் பூஜ்யத்துக்கு வந்துவிடும். முன்பொரு முறை 311இல் ஒரு நேப்பாளக்காரனின் காலில் இரும்புத் தகடு விழுந்தது. ஊர் திரும்பும் வரை அவனோடு யாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடவில்லை. லோகேஸ்வரனும்தான்.

மறுநாள் பதினொரு மணிக்கு அது நடந்தது.

பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன்கள் இருக்கும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருக்கும்போது விரல் அச்சுக்குள் போக முடியாது. ஆனால் அப்படிச் செய்தால் மணிக்கு நானூறு துண்டுக்கு மேல் ஓடாது. கேட்பதோ அறுநூறு. அதனால் ஒரு பட்டனை அழுத்தி மேலே டேப்பைச் சுற்றிவிடுவார்கள். ஒரு கை தகட்டை வைக்கும், மறு கை பட்டனைத் தட்டும். குகனின் மெஷினில் டேப்பைச் சுற்றியது லைன் லீடர் லோகேஸ்வரன். எல்லா லைன் லீடர்களும் சுற்றினார்கள். பார்க்க வேண்டியவர்கள் பார்க்காமல் போவார்கள்.

குகன் கத்தவில்லை. "அண்ணே" என்று மட்டும் கூப்பிட்டான். வலது ஆள்காட்டி விரலின் நுனி நசுங்கி நகம் பெயர்ந்து தொங்கியது. லோகேஸ்வரன் முதலில் மெஷினை நிறுத்தினான். அடுத்து அந்த டேப்பைப் பிய்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். பிறகுதான் பையன் கையைப் பிடித்தான். 

"அண்ணே, எண்ணு போயிருமே" என்றான் குகன். உதடு வெளுத்திருந்தது. அந்த நிலையிலும் அவன் முதலில் சொன்னது அதைத்தான்.

"சும்மா இரு. சின்னக் காயம்தான். நான் பாத்துக்கறேன்."

கிளினிக்கில் டாக்டர் எப்படி ஆனது என்று கேட்டார். லோகேஸ்வரன் முந்திக்கொண்டான். "வீட்ல மோட்டர் சங்கிலி தொடைக்கிறப்ப மாட்டிக்கிச்சு டாக்டர்." டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார். ஆறு தையல். நான்கு நாள் எம்சி. காசை லோகேஸ்வரனே கட்டினான். குகன் எம்சிச் சீட்டை நான்காக மடித்துப் பர்சில் வைத்தான். அலுவலகத்தில் அது கொடுக்கப்படவே இல்லை.

மாலையில் மேனேஜர் ஹரிசங்கர் இருவரையும் கூப்பிட்டார். குரல் உயர்த்தாத மனிதர். "வீட்டிலதானே நடந்தது?" என்று குகனைப் பார்த்துக் கேட்டார். குகன் லோகேஸ்வரனைப் பார்த்தான்.

"வீட்லதான் சார்" என்றான் லோகேஸ்வரன்.

"அப்ப சரி. நாளைக்கு வாங்க. வேலை செய்ய வேணாம், டிரெய்னிங் ரூம்ல சும்மா உக்காருங்க. ஷாஹிரா, இன்னைக்கு இவருக்குக் காலையிலிருந்தே லீவுன்னு போட்டுருங்க."

வருகைப் பதிவேட்டோடு பக்கத்தில் நின்ற ஷாஹிரா பேனாவைத் திறந்தாள். ஒரு கணம் மூடினாள். பிறகு எழுதினாள்.

அன்று வீட்டில் மனைவி தவமலர் கால்களை வெந்நீர் வாளிக்குள் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். லெபோ பந்தாயில் ஒரு ஹோட்டலில் ஒரு நாளைக்குப் பதினான்கு அறைகளைச் சுத்தம் செய்கிறாள். பதினெட்டு வருடக் குடித்தனத்தில் புருஷனும் பெண்டாட்டியும் தனியாக ஓர் இரவு வெளியே தங்கியதில்லை. பங்களாதான் ஜெயித்தது என்று அவன் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏங்க, காலையில எந்திரிச்சு நான் போர்வய மடிக்கவே மாட்டேன். சொல்லிட்டேன். அப்படியே போட்டுட்டுப் பசியாறப் போயிருவேன். எவளாச்சும் வந்து மடிக்கட்டும்."

"பாவம், அவளும் ஒன்ன மாதிரிதானே?"

"அஞ்சு வெள்ளி நோட்டு தலகாணி மேல வச்சிட்டு வருவேன்ங்க. எனக்கு யாரு வச்சா?"

விரல் சங்கதியை அவளிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வாளியில் இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றினான்.

குகன் தினமும் வந்தான். ஒற்றைக் கையால் மோட்டார் ஓட்ட முடியாமல் லோகேஸ்வரனின் பின்னால் உட்கார்ந்து ஃபெரி ஏறினான். குளிர்சாதன அறையில் எட்டு மணி நேரம் நாற்காலியில் இருந்தான். மதியம் ஆட்கள் மாறி மாறி அவனுக்குச் சாப்பாடு வாங்கி வந்தார்கள். "இன்னும் எட்டு நாளு, தம்பி, பல்லக் கடிச்சிக்க" என்று தோளைத் தட்டினார்கள். ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்தான். பலகை 495 காட்டிய அன்று, கட்டைப் பிரித்தபோது விரல் நுனி கறுத்து நாற்றமடித்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் நடு மூட்டுக்கு மேலே விரலை எடுத்துவிட்டார்கள். ஓய்வு கொடுத்திருந்தால், முதலிலேயே வந்திருந்தால் என்று அந்த டாக்டர் ஏதோ சொன்னார்.  ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள் குகனின் ஆண்டு விடுப்பில் கழிந்தன. பலகை ஒரு நாளும் நிற்கவில்லை. ஐந்நூறு வந்தபோது வாசலில் கேக் வெட்டினார்கள்.

கட்டோடு வேலைக்குத் திரும்பிய குகனை பேக்கிங்கில் போட்டார்கள். பிரஸ் வேலைக்கான அலவன்ஸ் போயிற்று. ஒரு நாள் மதியம் அவன் லோகேஸ்வரனைத் தேடி வந்தான்.

"அண்ணே, விரலு போனா பெர்கேசோ காப்புறுதியில மாசாமாசம் ஏதாச்சும் கிடைக்குமாம். வேலக்காட்டுல நடந்துச்சுன்னு கம்பெனி எழுதிக் குடுக்கணும். இப்பதான் ஐந்நூறு ஆயிருச்சே. இனிமே சொல்லலாம் இல்ல?"

அவன் அதைக் கள்ளமில்லாமல்தான் கேட்டான். ஐந்நூறைத் தொட்ட பிறகு உண்மையைச் சொல்வதில் யாருக்கு என்ன நட்டம் என்பது அவன் கணக்கு. லோகேஸ்வரன் ஷாஹிராவிடம் போனான். அவள் கதவைச் சாத்திவிட்டு, ஃபைலை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"பாருங்கண்ணே. கிளினிக் பேப்பர்ல வீடுன்னு இருக்கு. ஆஸ்பத்திரியிலயும் அதையே பாத்து எழுதிட்டாங்க. அன்னைக்கி அவரு லீவுல இருந்ததா நான் எழுதியிருக்கேன். இத மாத்தணும்னா ஒருத்தர் வந்து, நான் பொய் சொன்னேன், பட்டன்ல டேப் ஒட்டுனது நான்தான்னு கையெழுத்துப் போடணும்."

"போட்டா?"

"ஒங்க வேல போயிரும். என்னோடதும்தான்." அவள் குரல் இறங்கியது. "நீங்க போடுறேன்னா நானும் போடுறேன்ணே. சத்தியமா. தனியா எனக்குத் தைரியம் இல்ல."

லோகேஸ்வரன் ஃபைலை மூடி அவள் பக்கம் தள்ளினான். அவனுக்கு நாற்பத்து மூன்று வயது. இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவள் ஐந்தாம் படிவம், பள்ளியின் கடைசி வருடம். இந்த வயதில் வெளியே போய் யாரிடம் வேலை கேட்பது? "டூர் முடியட்டும்மா, யோசிச்சு சொல்றேன்" என்று எழுந்தான். சொல்லும்போதே அவனுக்குத் தன் மேல் அருவருப்பாக இருந்தது. ஷாஹிரா ஃபைலை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

பாலிக் பூலாவ் பங்களா படத்தில் இருந்ததைவிட அழகாகவே இருந்தது. தவமலர் குளியல் தொட்டியின் விளிம்பை விரலால் தேய்த்துப் பார்த்து, "இவளும் நல்லாத்தான் தேய்ச்சிருக்கா" என்றாள். மறுநாள் காலை போர்வையை மடிக்காமல் கிளம்பினாள். வாசல் வரை போனவள் திரும்பிப் பார்த்தாள். லோகேஸ்வரன் அந்தக் கொசுவலைக் கட்டிலில் இரவு முழுக்கக் கண் மூடியிருக்கவில்லை.

பசியாறும் இடத்தில் குகனும் மனைவியும் எதிரில் வந்து உட்கார்ந்தார்கள். குகன் இடது கையால் கரண்டியைப் பிடித்து ரொட்டியோடு மல்லுக்கட்டினான். மனைவி பிய்த்து வைத்தாள்.

"ஏன் தம்பி, மோட்டர் சங்கிலிக்குக் கடைக்கே விட்டிருக்கலாம்ல?" என்றாள் தவமலர் வாஞ்சையோடு. "பத்து வெள்ளிய மிச்சம் பிடிக்கப் போயி, பாரு இப்ப."

குகனின் மனைவி லோகேஸ்வரனை நிமிர்ந்து பார்த்தாள். 

"ஆமாக்கா" என்றான் குகன். "புத்தியில்லாம செஞ்சிட்டேன்."

லோகேஸ்வரன் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தான். இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். அதற்குள் போட்டோ எடுக்கக் கூப்பிட்டுவிட்டார்கள்.

படிக்கட்டில் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். முன்னால் பச்சைப் பதாகை. ஹரிசங்கர் நடுவில். "ஐந்நூறு நாள்! எல்லாரும் அஞ்சு விரல விரிச்சு மேல தூக்குங்க" என்றார்.

கைகள் உயர்ந்தன. போட்டோக்காரன் கேமராவை இறக்கினான். "அந்த நீலச் சட்ட போட்ட அண்ணே, எல்லாரும் வலது கை. நீங்க மட்டும் இடது கை. மாத்துங்க."

குகன் அசையவில்லை. வலது கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது. யாரோ இருமினார்கள்.

"பரவால்ல, குகன், நீங்க கொஞ்சம் பின்னால போயிருங்க" என்றார் ஹரிசங்கர், அதே உயராத குரலில். "லோகேஸ், அவருக்கு முன்னால நில்லுங்க."

குகன் ஒரு படி ஏறிப் பின்வரிசைக்குப் போனான். லோகேஸ்வரன் அவன் முன்னால் வந்து நின்றான். கழுத்தில் குகனின் மூச்சுப் பட்டது.

"கைய நல்லா தூக்குங்க, அண்ணே. இன்னும். இன்னும் கொஞ்சம். விரல நல்லா விரிங்க" என்றான் போட்டோக்காரன். "பின்னால உள்ளவரு மொகம் மறையுது. சரி, பரவால்ல, அப்படியே இருங்க. சிரிங்க."

லோகேஸ்வரன் ஐந்து விரல்களையும் விரித்தபடி நின்றான்.