அளக்க நின்ற வயல்

மற்றவர்கள் எல்லோரும் வெட்டிவிட்டார்கள். அதை அறுவடை என்று சொல்ல முடியாது. கதிர் பிடிக்காமலே காய்ந்துபோன மக்காச்சோளத் தட்டையை மாடுகளுக்குப் போட வெட்டினார்கள், அவ்வளவுதான். மழை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பிறகு அந்தப் பக்கமே திரும்பவில்லை. கட்டுத்தறியில் மாடு கத்தும்போது, வயலில் தீவனம் காய்ந்து நிற்பதை எத்தனை நாள் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

பயிர் அளக்க ஆள் வருகிறார் என்ற செய்தி அதற்குப் பிறகுதான் வந்தது.

காப்பீட்டுக்கு அப்படி ஒரு முறை. குலுக்கலில் சில வயல்களை எடுப்பார்கள். வயலுக்குள் ஒரு சிறு சதுரத்தைக் கயிறு கட்டிப் பிரித்து, அதில் விளைந்ததை மட்டும் அறுத்து நிறுப்பார்கள். அந்த எடைதான் பகுதி முழுவதற்கும் விளைச்சல். அது வழக்கமான விளைச்சலில் பாதிக்குக் கீழே இருந்தால் எல்லோருக்கும் நிவாரணம். இல்லாவிட்டால் யாருக்கும் இல்லை. ஆனால் அளக்கப் பயிர் நின்றாக வேண்டும். வெட்டிய வயல் கணக்கில் சேராது. காய்ந்த பயிர் தன் காலில் நின்று, தான் காய்ந்துவிட்டதாகச் சாட்சி சொல்ல வேண்டும்.

குலுக்கலில் வந்த வயல்களில் ஒன்றே ஒன்றில்தான் பயிர் நின்றது. அது வானிலையின் வயல்.

வானிலை என்பது பட்டப்பெயர். வானத்தைப் பார்த்து, "நாளைக்கு ஊத்தப் போவுது பாரு" என்று அவர் சொன்ன நாளுக்கு மறுநாள் எல்லாம் மண்டை பிளக்கும் வெயில். அந்த நம்பிக்கையில்தான் அவர் வெட்டாமல் வைத்திருந்தார். இப்போது தெருவே அவர் வாசலில் வந்து நின்றது.

"அண்ணே, தயவுசெஞ்சு வெட்டிடாதீங்க" என்றாள் பக்கத்து வீட்டுத் தையல்காரி. வீட்டில் தையல் மெஷின், வானிலையின் வயலை ஒட்டி ஒரு துண்டு நிலம், இரண்டையும் வைத்துத்தான் அவள் தனியாகக் காலம் தள்ளினாள். "எங்க எல்லாருக்கும் சேத்து உங்க வயல்தான் அழணும்."

"எங்க மாடு என்னத்தத் திங்கும்?" என்றாள் வானிலையின் மனைவி.

"ஆளுக்கு ஒரு கை தட்டை நாங்க தரோம் அக்கா. இந்தத் தடவையும் ஒண்ணும் கெடைக்கலைன்னா நான் மெஷினத் தூக்கிக்கிட்டு டவுனுக்குப் போறதுதான். அங்க ஒரு கம்பெனியில நாள் பூரா காலர் மட்டும் தைக்கணுமாம். முழுச் சட்டையக் கண்ணாலகூடப் பாக்க முடியாதாம்."

எல்லோரும் சிரித்தார்கள்.

முன்பு இந்த நிலங்களில் மக்காச்சோளம் இல்லை. ஒரு மழை பெய்தாலும் போதும் என்று முளைக்கும் சிறு தானியம்தான். பிறகு அகலச் சாலை வந்தது. சாலையோரம் கோழித் தீவன ஆலை வந்தது. வளர்ச்சி வருகிறது என்று ஜீப்பில் வந்து சொன்னார்கள். மக்காச்சோள விதை பாதி விலைக்குக் கிடைத்தது. பழைய தானியத்தை அரசாங்கம் வாங்குவதை நிறுத்தியது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மற்ற கதவுகளை எல்லாம் சாத்திவிட்டு ஒரு கதவை மட்டும் திறந்து வைத்தார்கள். அந்த ஆலை இப்போது கப்பலில் வருகிற மலிவான மக்காச்சோளத்தை வாங்குகிறது.

தெருவின் கண் வானிலை வீட்டுப் பின்புறம் போனது. வயல் வீட்டைத் தொடும் மூலையில், ஓர் அறை அளவுக்குப் பயிர் பச்சையாக நின்றது. குளிக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எல்லாவற்றையும் வானிலையின் மனைவி அங்கேதான் கொண்டுபோய் ஊற்றினாள். ஏன் ஊற்றினாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. எல்லாமே சாகிறபோது ஒன்றாவது சாகாமல் இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். இல்லை, நினைக்காமலே கை செய்திருக்கலாம்.

"அதைப் புடுங்கிடலாமா?" என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள்.

"கதிர் பால் பிடிச்சு முத்தி வர நேரம்" என்றாள் அவள். "நிக்கிற பயிரை எப்படிப் புடுங்குறது?"

தையல்காரிதான் அவளுக்குப் பரிந்து பேசினாள். "விடுங்கப்பா. ஊரு பூரா காஞ்சு கெடக்கு, அக்கா வீட்டுல மட்டும் நாலு கதிர் இருக்கு. அதுமேலயும் கண்ணு வைக்கணுமா? இவ்வளவு பெரிய வயல்ல அந்தச் சதுரம் போயும் போயும் அங்கயா வந்து விழும்? நம்ம அண்ணன் அதிர்ஷ்டத்துக்குப் பரிசுச் சீட்டுல ஆறுதல் பரிசுகூட விழாது."

வானிலையே சிரித்துவிட்டார். பயிரைப் பிடுங்கச் சொல்ல அங்கே யாருக்கும் வாய் வரவில்லை. அத்தனை பேரும் விவசாயிகள்.

அளவுக்காரர் காலையில் பைக்கில் வந்தார். ஒப்பந்த வேலை பார்ப்பவர். முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. நான்கு முளைக்குச்சி, நைலான் கயிறு, ஒரு தொங்கு தராசு, தார்ப்பாய். போனில் எதையோ தட்டினார்.

"நீளத்துக்கு இத்தனை அடி, அகலத்துக்கு இத்தனை அடின்னு இதுவே எண் குடுக்கும் ஐயா. எந்த மூலையில ஆரம்பிக்கணும்னும் இதுவே சொல்லிடும். என் இஷ்டம் எதுவும் கிடையாது."

தெருவாசிகள் வரப்பில் நின்றார்கள். அவர் தூர மூலையிலிருந்து எண்ணிக்கொண்டே நடந்தார். காய்ந்த தோகைகள் அவர் காலில் காகிதம்போல் நொறுங்கின. அந்தச் சத்தம் எல்லோருக்கும் ஆறுதலாக இருந்தது. நடந்தார். வயலின் பாதியைத் தாண்டினார். தையல்காரி வானிலையின் மனைவியின் கையைப் பிடித்தாள். அவர் இன்னும் நடந்தார். வீட்டுப் பக்கம் நெருங்கி, பக்கவாட்டில் திரும்பி, மறுபடி எண்ண ஆரம்பித்தார். நொறுங்கும் சத்தம் நின்றது. பச்சைத் தோகைகள் அவர் சட்டையில் உரசின. அவர் நின்றார்.

காற்றுகூட இல்லை. தன் கையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விலகுவதை அவள் உணர்ந்தாள்.

வானிலைதான் முதலில் ஓடினார். "சார், இது வீட்டுத் தண்ணி விட்டது சார். குளிச்ச தண்ணி. இது பயிரே இல்ல."

அளவுக்காரர் முளைக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது. காய்ந்த பக்கம் சில அடி நகர்ந்து போனைப் பார்த்தார்; திரை சிவந்தது. திரும்பி வந்தார், பச்சையானது.

"நிக்கிற இடத்தை இதுவே புடிச்சுக்குது ஐயா. தள்ளி நின்னா ஏத்துக்க மாட்டேங்குது."

"வேற எண் போட்டுப் பாருங்க தம்பி" என்றாள் தையல்காரி.

"ஒரு தடவைதாம்மா குடுக்கும். வயலைத் தாண்டி விழுந்தாத்தான் மறுபடி குடுக்கும். குறிப்புன்னு ஒரு இடம் இருக்கு, வீட்டுத் தண்ணி பாஞ்ச இடம்னு எழுதுறேன்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "யாரும் படிக்க மாட்டாங்க. ஆனா எழுதுறேன்."

குச்சி அடித்தார். கயிறு கட்டினார். அந்தச் சதுரம் பச்சைக்குள் அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்தது. அறுக்க ஆள் வேண்டும் என்றார். யாரும் வரப்பைவிட்டு இறங்கவில்லை. கடைசியில் வானிலையின் மனைவியே அரிவாளை எடுத்துக்கொண்டு போனாள். கதிர்கள் கனமாக இருந்தன. பாவி, இவ்வளவு நல்லா ஏன் விளைஞ்ச என்று ஒவ்வொன்றையும் மனசுக்குள் திட்டிக்கொண்டே ஒடித்தாள். தராசு இறங்கியபோது அளவுக்காரர் எடையை வாய்விட்டுச் சொல்லவில்லை. போனில் படம் எடுத்துக்கொண்டார். எடை போட்ட கதிர்களை விவசாயியிடமே கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

மாலையில் அந்தக் கதிர்களைக் கூடையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனாள். யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வையி, வையி" என்றார்கள். தையல்காரி மட்டும், "யானைப் பசிக்குச் சோளப்பொரி" என்று சொல்லி ஒன்றை எடுத்துக்கொண்டாள். சிரிக்கத்தான் முயன்றாள். "புடுங்க வேணாம்னு சொன்னவ நான்தானே அக்கா" என்றாள் பிறகு. இருவரும் விளக்குப் போடாத அறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

அறிவிப்பு வந்தபோது அதில் புதிதாக ஒன்றும் இல்லை. அந்தப் பகுதியில் விளைச்சல் இயல்பானது. நிவாரணம் கிடையாது. இயல்பான விளைச்சல் என்பதால், வறட்சிக்கு அரசாங்கம் தருகிற மானியத் தீவனமும் கிடையாது. வானிலை கடைசியில் காய்ந்த தட்டையை வெட்டி மாட்டுக்குப் போட்டார். மாடு அதை முகர்ந்து பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் தின்றது.

தையல்காரி சாமான் ஏற்றிய அன்று வேளாண்மை அதிகாரி ஒருவர் வந்தார். நல்ல மனிதர், வெயிலில் நடந்தே வந்திருந்தார். சுற்றிலும் எல்லாப் பகுதிகளும் காய்ந்திருக்க, இங்கே மட்டும் விளைந்திருக்கிறதே, அதைப் பார்த்துப் படித்துக்கொண்டு போக வந்ததாகச் சொன்னார். அதை வைத்து மற்ற இடங்களுக்கும் ஒரு திட்டம் போடலாமாம்.

"என்ன முறை கையாண்டீங்க?"

மெஷினைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்த தையல்காரி, வண்டிமேல் இருந்தபடியே சொன்னாள்:

"குளிச்சாங்க சார்."

அதிகாரி சிரித்தார். பிறகு, வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "இல்ல, நிஜமாத்தான் கேக்குறேன்."

"நிஜமாத்தான் சார் சொல்றா" என்றாள் வானிலையின் மனைவி.

அவர் பேனாவைத் திறந்தார். எழுத ஒன்றுமில்லாமல் மூடினார். வந்தவருக்கு ஒரு வாய் டீயாவது கொடுக்க வேண்டுமே என்று வானிலை மனைவியைப் பார்த்தார். அவள் உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

டீ கொதித்துக்கொண்டிருந்தபோது வெளியே வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. "அக்கா" என்று ஒரு குரல் கூப்பிட்டது. பொங்கிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் அடுப்பு முன்னாலேயே நின்றாள். குரல் இரண்டாம் முறை கூப்பிடவில்லை.