பசுமை மூடிய குழாய்

'பசுமை' என்று பட்டப்பெயர் எடுத்தவனுக்கு விடுதியில் விழுந்த முதல் அடி மின்விசிறியால். விசிறி அடிக்கவில்லை, தூங்குகிறவர்களின் விசிறியைக் கரண்டு வீண் என்று இவன் நிறுத்தினான், வியர்த்து விழித்தவர்கள் அடித்தார்கள். உதடு கிழிந்தது. மறுநாளும் நிறுத்தினான். குளிக்கிறவன் சோப்புப் போடும் இடைவெளியில் குழாயை மூடுவான். அதற்கு வாளியால் வாங்கினான். இயந்திரப் பொறியியல் கடைசி ஆண்டுக்கு வருவதற்குள் முன்பல்லில் ஒன்று பாதிதான் மிச்சம். ஒருவன் அடி வாங்கியே பூமியைக் குளிர்விக்கலாம் என்றால், இந்நேரம் நமக்கெல்லாம் ஸ்வெட்டர் தேவைப்பட்டிருக்கும்.

வகுப்பில் மற்றவர்களுக்குப் பூமி மேல் கவலை வருவது பரீட்சையில் கேட்டால் மட்டும். உருகி உருகி எழுதிவிட்டு, எதிர்க்கடைக்குப் பைக்கில் போவார்கள். அவர்களில் முதல் ஆள் டர்போ. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை உறுதியானவன்.

"கடல் ஏறி வந்தா வரட்டும்டா. எங்க வீட்டு வாசல்லயே பீச்சு. வெல ஏறும்ல?" என்பான்.

டர்போவின் அக்காளைக் கட்டியிருப்பது பசுமையின் அண்ணன். ஆகவே இவர்கள் கூப்பிடும் 'மச்சான்' வெறும் வாய்ப்பேச்சு மச்சான் இல்லை. கடைசி ஆண்டு ப்ராஜெக்டும் சேர்ந்தே: விடுதிச் சமையலறையில் பொரித்து மீந்த எண்ணெயில் டீசல் எஞ்சினை ஓட்டுவது. டீசலைவிடப் புகை குறைந்தால் ஜெனரேட்டருக்கு இதையே ஊற்றலாம் என்று கல்லூரி முதல்வர் சொல்லியிருந்தார். பசுமை அவர் அறை வாசலில் ஒரு வருடம் தவம் கிடந்து வாங்கிய வார்த்தை அது.

அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம். வரைபடத்தை முதலில் போட்டுவிட்டு, அதற்குத் தோதாக அளவுகளை எழுதுவார்கள். எஞ்சினை ஓட்டுவதெல்லாம் ஒப்புக்கு. பசுமையும் புகை சரசரவென்று இறங்குகிற கோட்டைப் போன வாரமே போட்டுவிட்டான்.

சோதனைக்கூடத்தில் இரண்டு பேர்தான். எஞ்சின் சுழற்றும் இரும்பு உருளையைச் சுற்றித் தடித்த கயிறு. கயிற்று நுனியில் இரும்பு எடைகள். அந்த இறுக்கம்தான் எஞ்சினுக்குச் சுமை. கயிறு உரசி உருளை பழுக்காமலிருக்க, அதன் மேல் ஒரு குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

புகையை வெள்ளைத் தாள் வழியே இழுத்துப் பார்த்தார்கள். டீசல் தாள் சாம்பல் நிறம். பசுமையின் எண்ணெய்த் தாள் அடுப்புக்கரி.

எது டீசல், எது எண்ணெய் என்று தாள்களின் மேல் ஒட்டியிருந்த சீட்டுகளைப் பசுமை உரித்து மாற்றி ஒட்டினான்.

"டேய், என்ன பண்ற?"

"ஒரு நல்ல காரியத்துக்காக மச்சான்."

"எண்ணெயச் சூடு பண்ணி எளக்கி ஊத்து, பொக கொறையும்னேன். ஹீட்டர் போட்டா கரண்டு வேஸ்டுன்னது யாரு? ஒன் பூமி எக்கேடு கெட்டா எனக்கென்ன. ஆனா கறுப்பக் கறுப்புன்னுதான் எழுதுவேன்."

"எண்ணெக் கம்பெனிக்குக் கூலிக்குப் போறவன்தானே, வேற எப்படிப் பேசுவ?"

டர்போ கன்னத்தில் ஒன்று விட்டான். பசுமை அவன் வயிற்றில் தலையால் முட்டினான். டர்போ இவன் முடியைப் பிடித்து மேசை விளிம்பில் மோத, மீதமிருந்த பாதிப் பல்லும் போனது. கைக்கு அகப்பட்ட ஸ்பேனரால் பசுமை அவன் முழங்காலில் போட்டான். இருவரும் எஞ்சினடியில் உருண்டார்கள். கருகல் வாடை வந்தது. இருவருமே எண்ணெயைத்தான் சந்தேகித்தார்கள்.

கயிறு எரிந்துகொண்டிருந்தது. புகைத் தாள் மாற்றிய இடைவெளியில், தண்ணீர் வீணாகப் போகிறதே என்று ஒரு கை குழாயை மூடியிருந்தது. யார் கை என்று நான் சொல்லவும் வேண்டுமா?

கயிறு அறுந்தது. எரிகிற நுனி பசுமையின் கன்னத்தையும் காதையும் சேர்த்து உரித்தது. எடைகள் டர்போவின் பாதத்தில் விழுந்தன. எஞ்சின் சத்தத்தையும் மீறி எலும்பு நொறுங்குவது கேட்டது.

"எஞ்சின நிறுத்துடா நாயே!" என்று அலறினான் டர்போ. பசுமை ரத்தம் துப்பியபடி நிறுத்தினான்.

ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த அண்ணி, தம்பி காலைப் பார்த்தாள். பசுமையின் காதுக் கட்டின் மேலேயே ஓங்கி அறைந்தாள்.

"ஒலகத்தக் காப்பாத்துற கொழுந்தனாரே, ஒரு குழாயத் தெறந்து வெக்க வராதா ஒங்களுக்கு? இந்தக் காலோட இவன் ஆலையில எப்படி ஏணி ஏறுவான்?"

பின்னாலேயே முதல்வர் வந்தார். விசாரித்துவிட்டு மெல்லக் கேட்டார்: "ரிசல்ட் என்னப்பா? புகை கொறஞ்சுதா?"

பசுமையின் சட்டைப் பையில் சீட்டு மாறிய தாள்கள் இருந்தன. எடுத்து நீட்டினால் போதும். டர்போ கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"கறுத்திருச்சு சார். டீசலவிட மோசம்."

"அப்ப ஜெனரேட்டருக்கு?"

"டீசலே ஊத்துங்க சார்."

முதல்வர் வேலை மிச்சமான முகத்தோடு போனார்.

"மச்சான், கிட்ட வா" என்றான் டர்போ. பசுமை குனிந்தான். படுத்தபடியே பளாரென்று விழுந்தது, இன்னொரு கன்னத்தில்.

"இது காலுக்கு. ஹீட்டர் போட்டு மறுபடி ஓட்டு. கொறஞ்சா அவர்ட்ட போய் நில்லு."

"குழாய்?"

"மூடிப் பாரு, கைய ஒடிச்சு அதுலயே மாட்டி விடறேன்."