வாடை வருதா?

உங்கள் கன்னத்து எலும்பில் யாராவது உளி வைத்துத் தட்டியிருக்கிறார்களா? எனக்குத் தட்டினார்கள். எலும்புக்குள் இரண்டு வருஷமாகச் சீழ். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பிரெஞ்சு டாக்டர் மேலுதட்டுக்கு உள்ளே கீறி, எலும்பில் ஓட்டை போட்டு வழித்தெடுத்தார். மரத்துப்போக மருந்து வைத்ததால் வலிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தட்டும் மண்டைக்குள் கேட்டது.

ஊருக்கு அனுப்பும்போது ஆறு புட்டித் தண்ணீர் கொடுத்தார். அவர் நாட்டில் மலையடியிலிருந்து கொதித்துக்கொண்டே வருகிற ஊற்றுத் தண்ணீராம். கப்பலில் வந்தது. காலையும் மாலையும் வெதுவெதுப்பாக்கி, ஒரு மூக்கில் விட்டு மறு மூக்கில் வடியவிட வேண்டும். ஒரு புட்டி மூன்று நாளுக்கு. டாக்டர் சொன்னதைக் கம்பவுண்டர் தமிழில் சொன்னார்.

"கெணத்துத் தண்ணி, ஏரித் தண்ணி ஆவாது. சீழ் வாடை திரும்புனா ஒடனே வந்துடு. மறுபடி உளிதான். வுட்டா கண்ணுக்குப் போயிடும். ஆறிட்டா மொதல்ல உனக்கு வாசன தெரியும்."

சிக்கல் அங்கேதான். எனக்கு எந்த வாசனையும் தெரியாது. என் மூக்கு நாறுகிறதா என்று இன்னொருவர்தான் சொல்ல வேண்டும். நான் திருநெல்வேலிக்காரன். செலியமேட்டில் சிவப்பிரகாசம் முதலாளியின் கரும்பாலை மிஷினைப் பார்த்துக்கொள்ள வந்தவன். முகத்தோடு முகம் வைத்து மோந்து பார்க்க எனக்கு இங்கே யார் இருக்கிறார்கள்?

சமைத்துப்போடுகிற தாயாரம்மாளைத்தான் கேட்டேன். கடற்கரைக் குப்பத்துக்காரி. தண்ணீரைச் சுடவைத்துச் செம்பில் கொடுப்பதும் அவள்தான். தினமும் குனிந்து மோந்துவிட்டு, "ஒண்ணும் வாடையில்ல மேஸ்திரி" என்பாள். அந்தச் சொல்லை நம்பித்தான் நான் அன்றைக்குச் சாப்பிடுவேன்.

பத்தாம் நாள் சாயங்காலம் தீப்பெட்டி தேடி அடுப்பங்கரைக்குப் போனேன். உறியில் ஐந்து புட்டி மூடி திறக்காமல் இருந்தன. ஆறாவதிலும் கழுத்தளவுதான் குறைந்திருந்தது.

"தாயாரம்மா, பத்து நாளா எனக்கு என்னத்தக் குடுத்தே?"

"இன்னா கேக்குற? புட்டித் தண்ணிதான்."

"புட்டி அப்படியே இருக்கே?"

"கொடத்துக்கு நாலு சொட்டு வுட்டேன். காசி சொம்புலேர்ந்து ஒரு சொட்டு வுட்டா கெணறு பூரா கங்கதானே? கப்பல்ல வந்தத ஒரேடியா தீத்துட முடியுமா?"

"கொடத்துல என்ன தண்ணி?"

"ஏரித் தண்ணி. வேற இன்னா?"

நான் புட்டியையும் குடத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"இன்னாத்துக்கு அப்டி முழிக்கிற? புட்டித் தண்ணிய நாக்குல வச்சிப் பாத்தேன், கரிச்சிது. நானும் உப்புப் போட்டேன். அங்க கொதிச்சிக்கினு வருதுன்னியே, தளதளன்னு கொதிக்கவச்சி ஆறவச்சிதான் குடுத்தேன்."

அவள் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை. வாடையில்லை என்று சொன்னதையும் இனி எப்படி நம்புவது? ஆலைக்கு ஓடினேன்.

"முதலாளி, கொஞ்சம் என் மூக்க மோந்து பாருங்க."

அவர் இரண்டடி பின்னால் போனார்.

"இன்னாபா இது! நான் மூக்குப்பொடி போடறவன், எனக்கு இன்னா தெரியும்? காலாகாலத்துல பொண்டாட்டிய இட்டாந்திருந்தா இந்த வேலைக்கு நான் எதுக்கு?"

பாகு கிண்டியவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, காலைல வண்டி கட்டச் சொல்றேன். டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடு" என்றார்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் பார்த்தபடி ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். இடது கண்ணுக்குச் சுடர் மங்கலாகத் தெரிந்தது போலிருந்தது. மறுபடி பார்த்தால் சரியாகத் தெரிந்தது. கன்னத்தை அழுத்தினேன். வலித்தது. பத்து நாளும் அழுத்தியதில்லை. அதனால் நேற்றும் வலித்திருக்குமா என்று தெரியவில்லை.

தாயாரம்மாள் வாசற்படியில் செம்போடு நின்றாள்.

"புதுப் புட்டி ஒடச்சேன். எதுவும் கலக்கல. வாடை பாக்கட்டுமா?"

"வேண்டாம். போ."

செம்பை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலை வண்டி வருவதற்கு முன் தாயாரம்மாள் அடுப்பில் கருவாடு வறுத்தாள். எனக்கு வாடை வந்தது.