பாதுஷாவுக்கு இரண்டு டாக்டர்

பக்கீர் முகமதுவின் மேல் வருத்தப்பட்ட ஆள் மதுரையில் ஒருவர்கூடக் கிடையாது. தெற்குவாசல் பக்கம் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். வாங்காமல் திரும்புகிறவருக்கும் டீ சொல்லி, குடிக்கவைத்துத்தான் அனுப்புவார். ஒரே நாளில் இரண்டு கல்யாணம் வந்துவிட்டால் இரண்டிலும் உட்கார்ந்து இரண்டு பிரியாணியும் சாப்பிடுவார். முதல் வீட்டில் சாப்பிட்டதைப் பற்றி இரண்டாவது வீட்டில் மூச்சுவிட மாட்டார். சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தால் அது அவருக்கும் அவர் வயிற்றுக்கும் உள்ள விவகாரம். பாம்புக்கும் நோகக் கூடாது, பாம்படித்த கோலுக்கும் நோகக் கூடாது என்பது அவர் கொள்கை.

மகள் ஷாஹீதாவின் கல்யாணத்துக்கு அவருடைய அக்கா வீட்டார் ஒரு பிரியாணி மாஸ்டரைச் சொன்னார்கள். மனைவி வீட்டார் இன்னொருவரைச் சொன்னார்கள். மனுஷன் கொஞ்சமும் யோசிக்கவில்லை, இரண்டு மாஸ்டர்களையும் வரவழைத்துப் பந்தலின் இரண்டு மூலையிலும் அடுப்பு மூட்டச் சொல்லிவிட்டார். வந்தவர்கள் இதில் ஒரு கரண்டி, அதில் ஒரு கரண்டி என்று சாப்பிட்டுவிட்டு வாழ்த்திப் போனார்கள். மனைவி ஜெயினம்பு மட்டும், "ரெண்டுலயும் உப்பு பத்தல" என்றாள். வெளியே சொல்லிவிடாதே என்று அவள் தாடையைப் பிடித்துக் கெஞ்சினார்.

ஷாஹீதா புருஷனோடு சார்ஜாவுக்குப் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆனது. அப்போது மாடி வழியாகத் தானாக இறங்கி வந்ததுதான் பாதுஷா. செம்பட்டை நிறத்தில் ஓர் ஆண் பூனை. ஜெயினம்பு மீன் கழுவும்போது ஒரு முறை எட்டிப் பார்த்தது, மறுநாள் உள்ளேயே படுத்துக்கொண்டது. அவள் அதனிடம் நாள் முழுக்கப் பேசுவாள். இன்றைக்கு என்ன சமைக்கலாம், மருமகன் ஏன் போன் பண்ணவில்லை, முட்டிவலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று எல்லாவற்றையும் அதனிடம்தான் கேட்பாள். கணவரிடம் கேட்டு என்ன பயன்? எதைக் கேட்டாலும் "உனக்கு எது தோதோ அது" என்பார்.

அந்தப் பாதுஷாவுக்குத்தான் திடீரென்று சிறுநீர் அடைத்துக்கொண்டது. மண் தட்டில் போய் உட்காரும், முக்கும், அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல் கத்தும். ஒரு சொட்டு வராது. எழுந்து வந்து ஜெயினம்புவின் காலடியில் சுருண்டு படுக்கும். வயிறு கல்லுப்போல இருந்தது.

"என்னங்க, இன்னிக்கே காட்டணும். பக்கத்துத் தெருவுல அந்தப் பொண்ணு போர்டு போட்டிருக்குல்ல, பூனை டாக்டரு, அங்க தூக்கிட்டுப் போயிருவோம்."

"அந்தப் பொண்ணு யாரு என்னன்னு தெரியாதே. சொல்லிவிட ஆள் வேணாமா? நம்ம யாருன்னு அவுகளுக்கு எப்படித் தெரியும்?"

"இது பூனைன்னு தெரியும்ல?"

பக்கீர் முகமது அதற்குள் போனை எடுத்துவிட்டார். அக்கா மகன் சிராஜை முதலில் கூப்பிட்டார். அவனுக்கு விளாங்குடியில் செல்போன் கடை. கடைக்கு மேல்மாடியில் பூனை, நாய் பார்க்கிற கிளினிக் இருக்கிறது. அந்த டாக்டர் சிராஜுக்கு உயிர்த் தோழர். "உடனே தூக்கிட்டு வாங்க மாமா, டாக்டர்கிட்ட நான் சொல்லிர்றேன்" என்றான் சிராஜ்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அக்கா மகனைக் கேட்டுவிட்டு மனைவியின் தம்பியைக் கேட்காமல் இருப்பது எந்த ஊர் நியாயம்? தவ்பீக்குக்குத் திருமங்கலத்தில் ஆட்டு வியாபாரம். அவன் ஆடுகளைப் பார்க்கிற டாக்டருக்குக் கைராசி என்று தாலுகா முழுக்கப் பேர். தவ்பீக் போனிலேயே முடிவு சொல்லிவிட்டான். "மச்சான், வேற எங்கயும் காட்டிறாதீக. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் வாங்க. எங்க அக்கா பூனைன்னு சொல்லி வச்சிட்டேன், டாக்டர் காத்திருப்பாரு."

போனை வைத்துவிட்டு வெங்காயக் கூடைக்குள் பழைய சேலையை விரித்தார் பக்கீர் முகமது.

"எந்த டாக்டருங்க?" என்று கேட்டாள் ஜெயினம்பு. முட்டிவலியால் அவளால் ஆட்டோவில் அவ்வளவு தூரம் போக முடியாது.

"நல்ல டாக்டர்தான்" என்றார்.

தெரு ஆட்டோக்காரர் பாண்டிராஜ் வண்டியை விளாங்குடிக்கு விட்டார். சிராஜ் வாசலிலேயே நின்று கூடையை வாங்கிக்கொண்டான். டாக்டர் அமைதியான மனிதர். வயிற்றைத் தொட்டதுமே புரிந்துகொண்டார். மயக்க ஊசி போட்டுக் குழாய் விட்டு அடைப்பை எடுத்தார். தேங்கியிருந்ததெல்லாம் ரத்தம் கலந்து வடிந்தது. பாதுஷாவின் வயிறு இளகியது. முன்னங்காலில் முடியை வழித்து மருந்து ஏற்றிக் கட்டுப் போட்டார்கள். நக்காமல் இருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு ஒன்றை மாட்டினார்கள்.

"தப்பிச்சிருச்சுங்க பாய். ஆனா மயக்கம் இன்னும் முழுசா தெளியல. நாளைக்குக் காலைல வரைக்கும் இங்கயே கிடக்கட்டும். என்ன ஆனாலும் இன்னைக்கு இன்னொரு ஊசி போடக் கூடாது. தாங்காது."

பக்கீர் முகமதுவுக்கு மனசு குளிர்ந்தது. உடனே கடிகாரத்தைப் பார்த்தார், குளிர்ந்த மனசு சூடாகிவிட்டது. திருமங்கலத்தில் ஒரு டாக்டர் காத்திருக்கிறார். தவ்பீக் காத்திருக்கிறான். பூனையை இங்கேயே விட்டால் அங்கே எதைக் காட்டுவது?

"வீட்ல அவ தேடுவா டாக்டர். நாங்க பத்திரமாப் பாத்துக்கிறோம்" என்றார். டாக்டர் மறுபடியும் எச்சரித்தார். சிராஜும் சொன்னான். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

ஆட்டோ பைபாஸ் ரோட்டில் ஏறியதும் கூம்பைக் கழற்றி சீட்டுக்குப் பின்னால் சொருகினார். காலில் போட்டிருந்த துணிக்கட்டையும் பிரித்தார். வேறு இடத்தில் காட்டிவிட்டு வந்தது தெரிந்தால் தவ்பீக் முகம் எப்படிப் போகும்! தன்னிடம் கடைசியாகக் கொண்டுவந்தார்கள் என்று அந்த டாக்டருக்கும் சங்கடம்தானே. சும்மா காட்டிவிட்டு வந்துவிடலாம், ஊசி மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டார். இரண்டாவது கல்யாண வீட்டிலும் இப்படித்தான், சும்மா தலையைக் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் போவார்.

திருமங்கலத்தில் தவ்பீக் கட்டிப்பிடித்து வரவேற்றான். டாக்டர் பெரிய மீசைக்காரர், கலகலப்பானவர். பாதுஷாவை மேஜையில் படுக்கவைத்தார். அது கண்ணை அரைகுறையாகத் திறந்து பக்கீர் முகமதுவைப் பார்த்தது.

"ரொம்பச் சோர்வா இருக்கே. வேற எங்கயாச்சும் காட்டுனீங்களா?"

தவ்பீக் பக்கத்திலேயே நின்றான்.

"இல்லைங்க டாக்டர்" என்றார் பக்கீர் முகமது.

"கால்ல முடி வழிச்சிருக்கு?"

"அது... வீட்லதான். உண்ணி இருந்துச்சு."

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "அடைப்பு எங்கன்னு ஸ்கேன்ல பாத்துருவோம். துள்ளாம இருக்க ஒரு ஊசி போட்டுக்கலாம்."

விளாங்குடி டாக்டர் சொன்னது பக்கீர் முகமதுவின் காதில் அப்படியே கேட்டது. "ஊசி வேணாமே டாக்டர்" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

தவ்பீக் அவரைத் திரும்பிப் பார்த்தான். "என்ன மச்சான், எங்க டாக்டர் மேல நம்பிக்கை இல்லையா?"

ஒரே ஒரு வார்த்தை போதும். இதற்கு முன்னால் இன்னோர் இடத்தில் காட்டினேன் என்று சொன்னால் முடிந்தது. தவ்பீக் ஒரு வாரம் பேசாமல் இருப்பான், பெருநாளுக்கு எல்லாம் சரியாகிவிடும். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் தவ்பீக்கின் முகம் சுருங்கத் தொடங்கியிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் ஆகவில்லை.

"சேச்சே, என்ன மாப்ள இப்படிக் கேட்டுப்புட்ட! போடுங்க டாக்டர்."

திரும்பும் வழியில் கூடைக்குள் கையை விட்டபடியே வந்தார். திருப்பரங்குன்றம் தாண்டும்வரை சூடு இருந்தது. பழங்காநத்தத்தில் பாண்டிராஜ் டீ குடிக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றார். வீட்டு வாசலில் ஜெயினம்பு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கூடையை வாங்கி, "வாடா என் ராசா" என்று சேலையை விலக்கினாள். பாதுஷா விறைத்துக் கிடந்தது, விலக்கிய சேலையை அவளே மறுபடி இழுத்து மூடினாள். அவர்தான் அழுதார். மொட்டைமாடித் தொட்டிச் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதார். சத்தம் வந்தால் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு.

இரண்டு நாள் கழித்துச் சிராஜ் துக்கம் விசாரிக்க வந்தான். கையில் ஒரு வெள்ளைக் குட்டி.

"மனசு கேக்கல மாமி. எங்க டாக்டர் அடைப்ப எடுத்து நல்லாத்தான் விட்டாரு. இன்னொரு ஊசி மட்டும் போட்டுறாதீகன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. மாமா பத்திரமாத்தான் பாத்திருப்பாரு. அதோட ஆயுசு அம்புட்டுத்தான்."

ஜெயினம்பு அவனுக்கு டீ கொடுத்தாள். அவன் போன பிறகுதான் தவ்பீக் வந்தான். இரண்டு பேரும் ஒன்றாக வந்துவிடாதபடி போன் பண்ணி நேரம் சொல்லியிருந்தார் பக்கீர் முகமது. தவ்பீக் கையில் ஒரு சாம்பல் குட்டி.

"வருத்தப்படாதக்கா. எங்க டாக்டர் நல்ல ஊசியாத்தான் போட்டாரு. மச்சான் கொஞ்சம் தயங்குனாரு, நான்தான் தைரியம் சொன்னேன். அல்லாஹ்வோட நாட்டம், என்ன செய்ய?"

ஜெயினம்பு அவனுக்கும் டீ கொடுத்தாள். தவ்பீக் டீயைக் குடித்து முடிக்கும்வரை பக்கீர் முகமது தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் மனக்குறை இல்லை. அவரவர் டாக்டர் மேல் அவரவருக்கு நம்பிக்கை குறையவில்லை. இதுவும் ஒருவழியாகச் சுமுகமாக முடிந்தது என்று ஒரு கணம் நினைத்தார். அப்படி நினைத்ததற்கு அவருக்கே வெட்கமாக இருந்தது.

தவ்பீக்கின் பைக் சத்தம் தெருமுனையில் அடங்கியது. ஜெயினம்பு வெங்காயக் கூடையை எடுத்துவந்து இரண்டு குட்டிகளையும் உள்ளே விட்டாள். வெள்ளை, சாம்பலின் காதைக் கடித்தது.

"ரெண்டு பேரும் ஆசையாக் கொண்டாந்திருக்காங்க" என்றார் பக்கீர் முகமது. "ரெண்டையுமே வச்சுக்குவோம், என்ன?"

"வச்சுக்குவோம்" என்றாள் அவள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். "ஆனா இதுகளுக்கு மேலுக்கு முடியலேன்னா உங்ககிட்ட சொல்ல மாட்டேன். பக்கத்துத் தெருவுக்கு நானே தூக்கிட்டுப் போயிக்கிறேன்."

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி அடுப்படிப் பக்கம் போனாள். நிலைப்படியில் நின்று திரும்பினாள்.

"எனக்கு முடியலேன்னாலும் சொல்ல மாட்டேங்க."

போன் அடித்தது. தவ்பீக்தான். வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேசினான். "கேக்க மறந்துட்டேன் மச்சான். அக்காவுக்குக் குட்டி புடிச்சிருக்கா?"

பக்கீர் முகமது அடுப்படியைப் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது.

"ரொம்ப சந்தோசமா இருக்கா மாப்ள" என்றார்.