வீட்டில் உடுக்கிற பட்டு

பட்டு என்றால் கலியாணத்துக்கு, கோயிலுக்கு, மிஞ்சினால் பெரியபிள்ளையான ஒருத்தியின் சாமத்திய வீட்டுக்கு. சந்திரகாந்திக்குத் தெரிந்த ஒழுங்கு அவ்வளவுதான். மகள் வேணுஜா டுசல்டோர்ஃபில் ஒரு ஜப்பான்காரியின் பழைய உடுப்புக் கடையில் தொண்ணூறு வருசம் பழசான கிமோனோ ஒன்றை வாங்கிக்கொண்டு ஹம் நகரத்து வீட்டுக்கு வந்தாள். சாம்பல் நிறத்தில் ஊதா அம்புகள் போட்ட மெல்லிய பட்டு. மறுநாள் காலை அதைப் போட்டபடியே குசினியில் நின்று அவள் பாணுக்குப் பட்டர் பூசினாள். தாய் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"பட்டை ஆரும் வீட்டிலை உடுப்பினமோ?"

"இது வீட்டிலை உடுக்கிற பட்டுத்தான் அம்மா. விசேசத்துக்கு இதை உடுத்தாத்தான் அங்கை சிரிப்பினமாம்."

"அது சரி, ஆற்றை உடுப்பு?"

"ஆரோ ஒரு மனிசி. செத்துப்போச்சாம்."

அந்த ஒரு சொல் போதும். புருசன் இறந்தபோது முப்பத்தோராம் நாள் கிரியைக்கு முன்பே அவருடைய காலுறை வரைக்கும் வீட்டை விட்டு அகற்றியவள் சந்திரகாந்தி. செத்த மனிசியின் உடுப்பைப் பிள்ளை உடம்பில் போட்டுக்கொண்டு திரிவதா? வேணுஜா சிரித்துவிட்டுப் போனாள். ஜெர்மனியில் பிறந்து ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற முப்பது வயதுக்காரி. அவளுக்கு இதெல்லாம் பகிடி.

கிமோனோ வந்த எட்டாம் மாதம் வேணுஜாவுக்கு வருத்தம் வந்தது. டாக்டர்மார் அதற்கு முழ நீளத்தில் ஒரு பெயர் சொன்னார்கள். சந்திரகாந்திக்குப் பெயர் தேவைப்படவில்லை. காரணம் அறைக் கதவின் கொளுவியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பிள்ளைக்கு அந்த உடுப்பில் எவ்வளவு விருப்பம் என்பதும் அவளுக்குத் தெரியும். மருந்து ஏற்றிவிட்டு வந்தால் வேறெந்தத் துணி பட்டாலும் தோல் எரிகிறது என்று அதற்குள்தான் வேணுஜா சுருண்டு கிடப்பாள். தெரிந்துதான் தாய் அதைச் செய்தாள். மகள் மூன்றாம் முறை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கிமோனோவை ஒரு பைக்குள் திணித்து முடிச்சுப் போட்டு, சுப்பர்மார்க்கெட் வாசலில் நிற்கும் பழைய உடுப்புக் கொன்டெய்னரின் இரும்பு வாய்க்குள் தள்ளினாள். திரும்பி வரும் வழியில் வேணுஜாவின் போன் வந்தது. நாலு நாளாக எரித்த காய்ச்சல் விட்டுவிட்டதாம். சந்திரகாந்தி நடுத்தெருவில் நின்று அழுதாள். அந்த வெள்ளிக்கிழமையே ஊன்ட்றொப்புக் கோயிலுக்குப் பஸ் பிடித்துப் போய் அம்பாளுக்கு அர்ச்சனை செய்தாள். அந்த வருசத்தில் அவள் வயிறாரச் சாப்பிட்டது அடுத்து வந்த இரண்டு கிழமைகளில், அந்தப் பதினாலு நாளில்தான்.

பிறகு டாக்டர்மார் கூப்பிட்டு, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள்.

இருப்பறையில் ஆஸ்பத்திரிக் கட்டில் வந்து நின்றது. வீட்டுக்கு வந்துபோகும் தாதி, நெஞ்சில் குழாய் இருப்பதால் முன்பக்கம் திறக்கிற, பாரமில்லாத உடுப்பு ஏதும் இருந்தால் தாருங்கள் என்றாள். வேணுஜாவின் முகம் எத்தனையோ நாளுக்குப் பிறகு மலர்ந்தது.

"அம்மா, என்ரை கிமோனோவை எடுத்துக்கொண்டு வாங்கோ."

"அது... றைனிகுங்கிலை தோய்க்கக் குடுத்தனான் பிள்ளை. வெள்ளிக்கிழமை வரும்."

வாயில் வந்த பொய். வெள்ளிக்கு மூன்று நாள் இருந்தது. கொன்டெய்னரில் ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் எடுத்தாள். ஒவ்வொரு திங்களும் வெறுமையாக்கிவிடுவோம், பிறகு அவை எந்த நாட்டுக்குப் போகின்றன என்று எங்களுக்கே தெரியாது என்றான் ஒருவன். அதைக் கேட்ட பிறகும் மறுநாள் போய், இரும்பு வாய்க்குள் தோள்மூட்டு வரை கையை விட்டுத் துழாவினாள். ஆர் ஆருடையவோ கம்பளிகள் விரலில் பட்டன. காரில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த ஜெர்மன்காரி ஒருத்தி, களவெடுக்க வெட்கமில்லையா என்று சத்தம் போட்டாள். சந்திரகாந்திக்கு அது உறைக்கவில்லை. சொந்தப் பிள்ளையிடமே களவெடுத்தவளுக்கு இதென்ன வெட்கம்?

வெள்ளியும் வந்தது. வேணுஜா காலையிலிருந்து கதவைப் பார்த்தபடியே கிடந்தாள். சந்திரகாந்தி அலுமாரியைத் திறந்து, மகளின் கலியாணத்துக்கென்று சென்னையில் வாங்கிய அரக்குக் காஞ்சிபுரத்தை வெளியே எடுத்தாள். நல்ல நாள் ஒன்று வரும் என்று ஆறு வருசமாகப் பூச்சியுருண்டை போட்டுக் காத்த சேலை. மடிப்புக்கூடக் கலையவில்லை. அதை விரித்துப் பிள்ளையின் மேலே போர்த்தினாள்.

வேணுஜா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"குத்துது அம்மா. கனக்குது."

சந்திரகாந்தி அவசரமாகச் சேலையை இழுத்தெடுத்தாள்.

"அதை எறிஞ்சிட்டீங்கள், என்ன?"

தாய் சேலையை மடிக்கத் தொடங்கினாள்.

"ஓம் பிள்ளை. நீ சுகமா எழும்பி வருவாய் எண்டுதான்..."

ஏச்சு வரும் என்று காத்திருந்தாள். ஏசியிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

"நானும் ஒருக்கா எறியப் பாத்தனான்," என்றாள் வேணுஜா. "முதல் ஸ்கான் எடுத்த அண்டைக்கு. செத்த மனிசியின்ரை உடுப்பெண்டு நீங்கள் சொன்னது மண்டைக்குள்ளையே நிண்டது. குப்பைவாளி வரைக்கும் கொண்டு போனனான்."

"பிறகேன் எறியேல்லை?"

"குளிர்ந்தது. எடுத்து உடுத்திட்டன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று தாய் நினைத்தபோது மறுபடி குரல் வந்தது.

"எறிஞ்ச பிறகு உண்மையிலை வருத்தம் குறைஞ்சதோ அம்மா?"

"ரெண்டு கிழமை," என்றாள் சந்திரகாந்தி.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வேணுஜா போய்விட்டாள். சவப்பெட்டியோடு வந்த இரண்டு பேர், பிள்ளைக்கு என்ன உடுத்த வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டார்கள். வேறெது இருக்கிறது? சந்திரகாந்தி காஞ்சிபுரத்தை எடுத்துக் கொடுத்தாள். அவர்கள் வாசல் வரை போன பிறகு பின்னாலேயே ஓடினாள். அது குத்தும், பிள்ளையால் தாங்க ஏலாது, உள்ளே மெல்லிசாக ஏதாவது போட்டுவிட்டு அதற்கு மேலே உடுத்துங்கள் என்று, தனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதையும் கொட்டி அவர்களிடம் கெஞ்சினாள்.