அண்ணன் சொல்லாத வார்த்தை

எங்கள் வீட்டில் யாரும் வாசலில் நின்று "போறேன்" என்று சொன்னதில்லை. தப்பித்தவறி வாயில் வந்துவிட்டால் அம்மா திரும்பக் கூப்பிட்டு, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "போயிட்டு வரேன்" என்று சொல்லவைத்துத்தான் அனுப்புவாள். அண்ணன் தேவானந்தம் பட்டாளத்துக்காரன். அவனுக்கே அந்தப் பயம் உண்டு.

எழுபத்தொன்றில் பங்களாதேஷ் யுத்தத்துக்குக் கிளம்பியபோதும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினான். வரவில்லை.

அடுத்த வருஷம் நான் எட்மண்டைக் கட்டிக்கொண்டேன். கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுப்பவர். அவர்கள் ஆர்.சி. கத்தோலிக்கர், நாங்கள் புராட்டஸ்டண்ட் என்று அண்ணன் இருந்தவரை ஒத்துக்கொள்ளவே இல்லை. அந்தக் கோபம் எனக்கும் அவன்மேல் இருந்தது. அதற்காக அண்ணன் இல்லையென்று ஆகிவிடுவானா?

கீழ்க்கட்டளை வீட்டின் கொல்லையில், பல்லாவரம் சந்தையில் பொறுக்கிய ராணுவ ரேடியோ சாமான்களை வைத்து, காலத்தில் பின்னால் போகும் கூண்டு ஒன்றை எட்மண்ட் செய்து முடித்தார். நான் கேட்டது ஒன்றுதான்.

"அண்ணனை ரயில் ஏற விடாதீங்க. காலை உடைச்சாலும் பரவாயில்லை."

போனார். கருகல் வாடையோடு திரும்பி வந்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"பிளாட்பாரத்துல கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன் தபீ. கேக்கல. 'போறேன் மச்சான்'னு உதறிட்டு ஏறிட்டான்."

எனக்கு அழுகை அப்படியே நின்றுவிட்டது.

"போறேன்னா சொன்னான்?"

"ஆமா."

"உங்களை மச்சான்னு வேற கூப்பிட்டானா?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. பொய் சொல்வதற்காவது மாமியார் வீட்டுப் பழக்கம் தெரிந்திருக்க வேண்டாமா?

"நீங்க அவன்கிட்ட போகவே இல்லை."

"டீ ஸ்டால் பக்கத்துலயே நின்னுட்டேன்" என்றார். "வண்டி கிளம்புற வரைக்கும் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். அவன் உயிரோட இருந்தா நீ எனக்குக் கிடைச்சிருப்பியா?"

அங்கே அவனைச் சுட்டவன் யாரோ, எவனோ. இவர் என் கையால் சோறு தின்றவர்.

கூண்டுக்குள் ஏறினேன். தேதி காட்டும் முள் இன்னும் அந்த நாளிலேயே நின்றிருந்தது. அவர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"வேண்டாம் தபீ! உள்ள இருக்கிற கம்பிச்சுருள் கருகிடுச்சு. இனிமே போகத்தான் முடியும், திரும்ப முடியாது. அவனை நிறுத்திட்டா நம்ம கல்யாணமே நடந்திருக்காது!"

"அதுக்கும் சேர்த்துதான்."

கைப்பிடியை இழுத்தேன். பிறந்ததிலிருந்து வாயில் வராத அந்த வார்த்தையை அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

"போறேன்."